காசிக்குப் போன சாஃப்ட்பாக்ஸ்

என் அக்காவுக்குக் கண்கள் உண்டு. நல்ல பெரிய கண்கள். இதை நான் வேலை மெனக்கெட்டுச் சொல்லக் காரணம், அவளுடைய புகைப்படங்களை மட்டும் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். காலேஜ் அடையாள அட்டையில் மூடியிருப்பாள். ஒருமுறை பரீட்சை ஹாலின் வாசலில் இருந்தவர் ஹால் டிக்கெட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் "கண்ணொந்நு அடச்சே" என்று கேட்டு, அவள் மூடிக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டாராம்.

கல்யாணத்துக்குப் பார்க்க ஆரம்பித்தபோது ஜாதகத்தோடு போட்டோவும் கொடுக்க வேண்டுமே. ஸ்டுடியோவில் போய் எடுத்தோம். ஸ்டுடியோக்காரர் மெனக்கெட்டார். "ரெடி... ஸ்மைல்..." என்று ராகம் போட்டுச் சொன்னார். படம் வந்தது. பட்டுப் புடவை, தலை நிறைய பூ, மூடிய கண்கள். மறுபடி எடுத்தோம். மறுபடியும் மூடியிருந்தாள். கடைசியில், இருப்பதில் இதுதான் தேவலை என்று ஒன்றை அம்மா தேர்ந்தெடுத்து வலியசாலையில் ஒரு வீட்டுக்கு அனுப்பினாள். "பொண்ணு தியானம் பண்றவளோ?" என்று அந்த வீட்டிலிருந்து கேட்டு விட்டார்கள்.

நாங்கள் இருந்த கரமனையிலிருந்து வலியசாலைக்கு நடந்தே போய்விடலாம் என்பது எங்கள் அதிர்ஷ்டம். பக்கத்தில்தானே என்று அவர்கள் நேரிலேயே வந்து பார்த்தார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் தீரும்வரை அக்கா கண்ணைக் கொட்டாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன் வங்கியில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய் நிச்சயமும் ஆகிவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று எடுத்த போட்டோக்கள் வந்தன. அத்தனையிலும் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

இது எங்கள் வீட்டில் ஒரு பழைய வேடிக்கை. அன்றைக்கும் நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரிப்பாள் என்று நினைத்துத் திரும்பினால், அவள் கண்ணில் தண்ணீர்.

"எல்லாருக்கும் களியும் சிரிப்பும்தான். கல்யாண ஆல்பம் பூரா நான் தூங்கிண்டிருந்தா நன்னாவா இருக்கும்? மாலையும் கழுத்துமா கண்ணை மூடிண்டு ஒரு படம் இருந்தா, பாக்கறவா என்னடா நினைப்பா? விளக்கு ஏத்தி வெச்சுடுவா" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு ஒண்ணே ஒண்ணு போறும். கண்ணு தொறந்து ஒண்ணே ஒண்ணு. உனக்குத்தான் கேமரா இருக்கே" என்றாள்.

எனக்குக் கேமரா இருந்தது உண்மை. கல்ஃபிலிருந்து மாமா கொண்டுவந்தது. பிலிம் போடுவது. தலையில் சின்னதாக ஒரு ஃப்ளாஷ் எழுந்து நிற்கும். அப்போது இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் பாதியைப் பிலிம் வாங்கியே தீர்த்துக்கொண்டிருந்தேன். என்னை நானே ஒரு கலைஞன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். எனவே அக்காவின் கண்ணீரை நான் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் ஆண்பிள்ளைகளுக்கு வேறு எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாது.

புகைப்படப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன்: கேமராவின் தலையிலிருந்து நேராக அடிக்கும் ஃப்ளாஷ் முரட்டு வெளிச்சம். அதைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வைத்து, வெள்ளைத் துணி போட்ட ஒரு கூண்டுக்குள் அடைத்தால் வெளிச்சம் இதமாகப் பரவும். அந்தக் கூண்டுக்குப் பெயர் சாஃப்ட்பாக்ஸ். எனக்குப் பளிச்சென்று விளங்கியது. முரட்டு வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, அதனால் அக்கா மூடுகிறாள். இதமான வெளிச்சம் குத்தாது, மூடமாட்டாள். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

"சரியாக்கிடறேன். கல்யாணத்துக்குள்ளே சரியாக்கிடறேன்" என்று அவளிடம் சத்தியம் செய்தேன்.

ஒரு தனி ஃப்ளாஷ் வாங்கினேன். கூண்டை மட்டும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நினைத்தேன். முதலில் அப்பாவின் வெள்ளை வேஷ்டியைக் கொடியில் தொங்கவிட்டு அதன் பின்னால் ஃப்ளாஷை வைத்தேன். வேஷ்டி காற்றில் ஆடியது. அப்பாவுக்கும் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. பிறகு இட்லித் துணி. அது ஃப்ளாஷின் முகத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. ஆனால் அம்மா காலையில் இட்லி ஊற்றத் துணியைத் தேடி, அது ரப்பர் பேண்ட் போட்டு என் ஃப்ளாஷின் வாயில் கட்டியிருப்பதைக் கண்டாள். "இனி உன் லைட்டுக்கே இட்லி வார்த்துக்கோ" என்று அன்றைக்கு எனக்குப் பழையது போட்டாள்.

என் ஆபீசில் ஒரு சேட்டன் இருந்தார். என் அக்காவின் கண்ணைப் பற்றி ஆபீசில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவர் ஒரு நாள் ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். "நோக்கு, உள்ளே நல்ல வெளுப்பு. முன்னாலே துணி கட்டினா உன் சாஃப்ட்பாக்ஸ் ரெடி" என்றார். உண்மையிலேயே அருமையான பெட்டி. வீட்டுக்கு எடுத்துப் போய், பின்பக்கம் ஓட்டை போட்டு ஃப்ளாஷைச் செருகி, முன்னால் வெள்ளைக் காகிதம் ஒட்டி, கூடத்தில் ஸ்டூல் மேல் வைத்தேன். அக்காவை எதிரே உட்காரவைத்தேன்.

முதலில் ஒரு பூனை வந்தது. எங்கள் தெருவில் பூனைக்குப் பஞ்சமில்லை என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு இன்னொன்று. கொல்லைப்புறம் வழியாக மூன்றாவது வந்தபோது அக்கா மூக்கைச் சுருக்கினாள். பூனைகள் வரிசையாகச் சாஃப்ட்பாக்ஸின் முன்னால் உட்கார்ந்து, மேலே பார்த்து, பக்தியோடு வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. பெட்டியின் அடியில் மலையாளத்தில் எழுதியிருந்ததை அக்கா குனிந்து படித்தாள். நெய்மீன் என்று இருந்தது.

"அம்மா!" என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் வெங்காயமே சில நாட்களில்தான் உள்ளே வரும். அம்மா கரண்டியோடு வந்து பார்த்தாள். பெட்டியும் நானும் பூனைகளும் ஒன்றாக வாசலுக்குப் போனோம். கூடம் கழுவி விடப்பட்டது. மறுநாள் ஆபீசில் சேட்டனைப் பிடித்துக் கத்தினேன். "கழுகியதாணல்லோ" என்றார் அவர், கழுவித்தானே கொடுத்தேன் என்று, மிகவும் மனம் புண்பட்டு.

ஆக, கடையில் வாங்குவதைத் தவிர வழியில்லை. ஓவர்பிரிட்ஜ் பக்கத்தில் கேமராச் சாமான்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். செருப்பு வாங்கப் போனால் காலைக் கொண்டு போகிறோம் இல்லையா, அதுபோலத்தான்.

கடைக்காரர் பிரியமான மனிதர். தமிழர்கள் என்று தெரிந்ததும் அவருக்குத் தெரிந்த தமிழ் அத்தனையையும் எங்களுக்காக எடுத்து விட்டார். "சாரே, சாஃப்ட்பாக்ஸ் மூணு தரம் உண்டு. சதுரம், எட்டு மூலை, பின்னே குடை. எது வேணும்?"

"கண்ணை மூடாம இருக்கறதுக்கு எது நல்லது?" என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். வியாபாரி என்பதால் சிரிக்கவில்லை.

முதலில் சதுரத்தைப் பிரித்தார். நான்கு கம்பிகள். ஒன்றைச் செருகினால் மற்றது எகிறியது. அவரும் கடைப்பையன்களும் சேர்ந்து அதை ஒரு வழியாக விரித்து நிறுத்தியபோது அது ஒரு டிவியை விடப் பெரிதாக இருந்தது. "இதுக்குள்ளே நானே குடி இருக்கலாம் போலிருக்கே" என்றாள் அக்கா. சதுரம் என்றால் கண்ணின் மணியில் ஜன்னல் மாதிரி ஒரு வெளிச்சம் விழும், அது ஒரு தனி அழகு என்று கடைக்காரர் விளக்கினார். எட்டு மூலை என்றால் வட்டமாக விழும், நிலா மாதிரி, சினிமாக்காரர்களுக்கெல்லாம் அதுதான் பிடித்தம் என்றார்.

எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஜன்னலா, நிலாவா? ஜன்னல் கம்பீரம், நிலா கொஞ்சம் மலிவு. ஆனால் அக்காவின் முகத்துக்கு நிலாதான் பொருந்தும். அக்காவின் கண்ணுக்கு எது பொருத்தம் என்று நானும் கடைக்காரரும் கால்மணி நேரம் தீவிரமாக விவாதித்தோம்.

"கண்ணைத் தொறந்தாத்தானே ஜன்னலும் நிலாவும் விழும்?" என்றாள் அக்கா.

அவள் சொன்னது நியாயம் என்பதால் எனக்குக் கோபம் வந்தது. சோதித்தே பார்த்துவிடலாம் என்று கடைக்காரர் ஒவ்வொன்றுக்குள்ளும் ஃப்ளாஷை வைத்து அடித்துக் காட்டினார். "ரெடி!" என்பார், அடிப்பார். அக்கா மூடியிருப்பாள். "ரெடி!" மறுபடி மூடியிருப்பாள். கடைக்கு வந்திருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பேட்டரி வாங்க வந்த ஒரு பெரியவர், "மோளே, ஒந்நு பிடிச்சு நிக்கணே" என்று, கொஞ்சம் தாக்குப்பிடியம்மா என்று கெஞ்சினார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. சதுரத்தைத் திரும்ப மடிக்க முடியாமல் பையன்கள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நான் அந்தக் கடைக்குப் போனபோதெல்லாம் அது அப்படியே விரிந்தபடி ஒரு மூலையில் நின்றது. அதற்குள் காலி அட்டைப் பெட்டிகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

கடைசியில் குடையை வாங்கினோம். காரணம் நிலாவும் இல்லை, ஜன்னலும் இல்லை. கரமனை பஸ்ஸில் ஏற்ற முடிந்தது அது ஒன்றுதான். மடித்தால் அசல் மழைக்குடை. வெளியே கறுப்புத் துணி. விரித்தால் உள்ளே வெள்ளி மினுக்கம். திறந்திருக்கும் அடிப்பக்கத்தில் வெள்ளைத் துணியை ஜிப் போட்டு மூடிவிட வேண்டும். ஃப்ளாஷ் உள்ளேயே குடைக்கம்பியில் ஒரு கிளிப்பில் உட்கார்ந்திருக்கும். மேலே அடித்த வெளிச்சம் வெள்ளியில் பட்டுத் திரும்பி, வெள்ளைத் துணி வழியாக இதமாக இறங்கும்.

ஃப்ளாஷையும் கேமராவையும் இணைக்க வயர் இருந்தது. ஆனால் கல்யாணக் கூட்டத்தில் வயரில் யாராவது கால் தடுக்கி விழுந்து வைப்பார்கள் என்று கடைக்காரர் இன்னொரு சாமானையும் என் தலையில் கட்டினார். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கண். அதற்கு ஸ்லேவ் என்று பெயர். வேறு எங்காவது ஒரு ஃப்ளாஷ் மின்னினால் போதும், அதைப் பார்த்ததும் இது நம் ஃப்ளாஷையும் அடிக்க வைத்துவிடும். என் கேமராவின் சின்ன ஃப்ளாஷ் மின்னினால் குடை ஃப்ளாஷும் மின்னும். "யாரோட ஃப்ளாஷ்னு இதுக்குத் தெரியுமோ?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு சின்ன வயரின் முனையில் குடைக்கு வெளியே தொங்கவிட்டால் நன்றாக வேலை செய்யும் என்றார். தொங்கவிட்டேன்.

வீட்டில் ஒரு முழு பிலிம் ரோல் சோதனை. அக்காவைப் பட்டுப் புடவை கட்டச் சொல்லி, குடையைச் சாய்த்து நிறுத்தி, "ரெடியா? அசையாதே. ரெடி..." என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். லேபில் கழுவி வாங்கி வந்து உறையைப் பிரித்தேன். பிரமாதமான வெளிச்சம். கன்னத்தில் அப்படி ஒரு பட்டு மினுக்கம். எண்ணெய் வழிசல் இல்லை, சுவரில் நிழல் இல்லை. தேவலோகத்துப் பெண் ஒருத்தி, விதவிதமான கோணங்களில், தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சுகமாத் தூங்கறா பாரு" என்றாள் அம்மா, மனதாரப் பாராட்டி.

அக்கா படங்களை அடுக்கி உறைக்குள் போட்டாள். "போறும்டா. விட்டுடு. எனக்கு அவ்வளவுதான் விதி" என்றாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படி அமைதியாகச் சொன்னது எனக்கு என்னவோ செய்தது. அந்த வாரமே கல்யாணம். வெளிச்சம் இன்னும் இதமாக வேண்டும், குடையை இன்னும் பக்கத்தில் கொண்டு போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மழை. எங்கள் ஊரில் மழை பெய்தால் யாரும் அதை ஒரு விஷயமாகச் சொல்வதில்லை. ஆனால் எங்கள் கல்யாணங்களில் ஊஞ்சலுக்கு முன்னால் காசி யாத்திரை உண்டு. மாப்பிள்ளை சம்சாரமே வேண்டாம், காசிக்குப் போய்ப் படிக்கப் போகிறேன் என்று கிளம்புவார். கையில் தடி, விசிறி, கக்கத்தில் புஸ்தகம், தலைக்கு மேல் குடை. பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, போக வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன் என்று சொல்லித் திரும்பக் கூட்டி வருவார். மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பது பெண்ணின் சகோதரன். அதாவது நான். இதற்கென்றே புதுக் குடை ஒன்று வாங்கி மண்டபத்தின் வாசல் மூலையில் சாத்தி வைத்திருந்தது. அதன் பக்கத்திலேயே என் சாஃப்ட்பாக்ஸும் பாதி மடங்கி, வயிற்றில் ஃப்ளாஷோடு, தயாராகச் சாய்ந்திருந்தது. ஸ்லேவையும் ஆன் பண்ணி வைத்திருந்தேன். ஊஞ்சலில் அக்காவின் முகத்துக்கு மிக அருகில் அதைப் பிடிக்கத் திட்டம்.

சமையல்காரர் தயிர் போதாது என்று சொல்லிவிட்டார். தயிர் வாங்க யார் போவது? கடைசி நேரத்தில் ஒன்று போதவில்லை என்றால் எங்கள் வீடுகளில் பெண்ணின் அப்பாதான் போவார். அப்பா வாசல் மூலையிலிருந்து புதுக் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். இது எனக்குத் தெரியாது. உள்ளே பிலிம் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது யாத்திரை கிளம்பிவிட்டிருந்தது. கல்யாணம் பண்ணி வைக்க வந்த வாத்தியார் மூலையில் கையைவிட்டு, அங்கே மிச்சமிருந்த கறுப்புக் குடையை எடுத்து விரித்திருந்தார். "அடியிலே துணியெல்லாம் வெச்சிருக்கு! கல்ஃப் கொடையாக்கும். தேவலையே!" என்று அதை ரசித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அது கொடையில்லை!" என்று நான் கத்தினேன்.

"பின்னே என்ன? பிடிடா. ராகுகாலம் வரது. மாப்பிள்ளை நனைஞ்சிண்டிருக்கார்."

"மாமா, உள்ளே ஃப்ளாஷ் இருக்கு!"

"இருக்கட்டும். பிடி."

கழுத்தில் கேமரா தொங்க, இடது கையில் சாஃப்ட்பாக்ஸைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் பின்னால் தெருவில் இறங்கினேன். நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஸ்டுடியோக்காரர் முன்னால் பின்பக்கமாக நடந்தபடி தன் பெரிய ஃப்ளாஷை ஒரு தட்டுத் தட்டினார்.

மாப்பிள்ளையின் தலைக்கு மேல் பளீர் என்று மின்னியது.

நாதஸ்வரம் ஒரு ஸ்வரத்தில் சிக்கி நின்றது. வாத்தியார் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று காதைப் பொத்திக்கொண்டு இடிக்காகக் காத்திருந்தார். இடி வரவில்லை. ஸ்டுடியோக்காரர் மறுபடி தட்டினார். குடை மறுபடி மின்னியது. கையில் கேமரா வைத்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது விஷயம் புரிந்துவிட்டது. தாங்கள் தட்டினால் மாப்பிள்ளையின் குடை எரிகிறது! கரமனையில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? ஆளாளுக்குத் தட்ட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு வைத்த சீரியல் பல்பு மாதிரி விட்டுவிட்டு மின்னியபடி காசியை நோக்கி நடந்தார்.

"பொண்ணாத்துக்காரா நன்னாத்தான் சிலவு பண்ணியிருக்கா" என்று மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

மாப்பிள்ளை மட்டும் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் நடந்தார். அவருடைய பிரச்சினை வேறு. வெளியே தொங்கிய ஸ்லேவ் நடக்க நடக்க அவர் மூக்கில் வந்து இடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையில் தடி, ஒரு கையில் விசிறி. எனக்கு ஒரு கை குடைக்கு, ஒரு கை கேமரா நனையாமல் பிடிக்க. வேறு வழியில்லாமல் அந்த வயரை எட்டிப் பிடித்துப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

எதிரே அப்பா வந்தார். ஒரு கையில் தயிர் வாளி, ஒரு கையில் அசல் குடை. தன் மாப்பிள்ளை மின்னிக்கொண்டு வருவதைப் பார்த்து நடுத்தெருவில் நின்றார்.

நான் பல்லைக் கடித்தபடியே அந்தக் குடைக்காகக் கையை ஆட்டினேன். வாத்தியார் குறுக்கே வந்தார். "பாதி யாத்திரையிலே கொடை மாத்தப்படாது. நீர் சொல்லும்" என்று அப்பாவைப் பிடித்துத் திருப்பினார். அப்பா தயிர் வாளியைக் கீழே வைக்கவும் மனமில்லாமல், அதை மார்போடு அணைத்துக்கொண்டு, காசிக்குப் போக வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன் என்று சொன்னார். பார்க்கிறவர்களுக்குப் பெண்ணோடு தயிரையும் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்வதுபோல் இருந்தது. மாப்பிள்ளை சம்மதித்துத் திரும்பினார்.

மண்டப வாசலில் அக்கா மாலையோடு நின்றிருந்தாள். மாலை மாற்றுவதற்காக மாப்பிள்ளையை அவள் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். இருவருக்கும் மேலே என் சாஃப்ட்பாக்ஸ். ஸ்டுடியோக்காரர் பக்கவாட்டில் வந்து, "ரெடி! கொறச்சு இங்கோட்டு நோக்கணே... ஸ்மைல்!" என்று கூவினார். அக்கா திரும்பினாள், சிரித்தாள், கண்ணை மூடினாள். ஃப்ளாஷ் அடித்தது. குடையும் அடித்தது. ஸ்டுடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டு பிலிம் மாற்றப் போனார்.

அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அக்காவுக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னார், நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கும் கேட்டது: "காசிலே கரண்ட் உண்டான்னு யோசிச்சிண்டே போனேன். உன் தம்பி கூடவே கொண்டு வந்துட்டான்."

அக்கா கண்ணைத் திறந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். நான் வலது கையில் கேமராவைக் கழுத்து உயரத்துக்குத் தூக்கி, எதையும் பார்க்காமல், பட்டனை அழுத்தினேன். "ரெடி" என்று சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. வாயில் வயர் இருந்தது.

ஸ்டுடியோவின் ஆல்பம் முதலில் வந்தது. கனமான ஆல்பம், தங்க எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் உறங்கும் அக்கா. என் ரோலைக் கழுவக் கொடுத்திருந்தேன். லேப் கவுண்டரில் நின்றபடியே உறையைப் பிரித்தேன். வாத்தியாரின் முதுகு. நாதஸ்வரக்காரரின் கன்னம். அடுத்து அது.

மாலையைக் கையில் பிடித்தபடி அக்கா அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். கண்கள் இரண்டும் அகலத் திறந்திருக்கின்றன.

கவுண்டரில் நின்று கத்திவிட்டேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் மெதுவாக உறைத்தது. ஃப்ளாஷ் மின்னி மறையும் நேரத்துக்குள் யாராலும் கண்ணை மூட முடியாது. அக்கா வெளிச்சத்துக்குக் கண்ணை மூடவில்லை. "ரெடி" என்ற சொல்லுக்கு மூடினாள். இதோ வெடிக்கப்போகிறது பார் என்று யாரோ சொன்னதுபோல் தயாராகிக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல் எடுத்திருந்தால் வெறும் ஃப்ளாஷிலேயே முடிந்திருக்கும். நெய்மீன் பெட்டியும் வேண்டாம், ஜன்னல் நிலாவும் வேண்டாம். என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் சாஃப்ட்பாக்ஸைக் கொல்லையில் வீசினேன். அப்பா அதை எடுத்து அடித்துணியைக் கழற்றிவிட்டு, பால் வாங்கப் போகப் பல வருஷம் பிடித்துக்கொண்டிருந்தார். காற்றுக்கு மடங்காத குடை என்று எல்லோரிடமும் சிபாரிசு செய்வார்.

படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வலியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அத்திம்பேர் வங்கியிலிருந்து வந்திருக்கவில்லை. அக்கா ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பாராட்டுக்காக நின்றேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அழுவாளோ என்று பயந்தேன், அதுவும் இல்லை. காது மடல் மட்டும் மெல்லச் சிவந்தது.

"நான் அவரை இப்படியாடா பாக்கறேன்?" என்றாள்.

"எப்படி?"

"இப்படி." படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான் அதுவரை கண் திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். அப்போதுதான் அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, தம்பி பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா பாத்தாளா?"

"பாத்தா."

"அப்பா?"

"அப்பாவும் பாத்தார்."

"அய்யோ!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி உள்ளே போய் பீரோவைத் திறந்து, சட்டத்தோடு அந்தப் படத்தைப் புடவைகளுக்கு அடியில் தள்ளி, பூட்டிவிட்டாள்.

"என்னது இது? இதுக்குத்தானே இந்தப் பாடு பட்டேன்? மீன் பெட்டி வரைக்கும் சுமந்தேனே! ஹாலிலே மாட்ட வேண்டாமா?" என்று நான் குதித்தேன்.

"இது ஊரு பாக்கறதுக்கு உள்ளதில்லை" என்றாள் அக்கா. "நெகட்டிவ்வையும் கொண்டு வந்து தந்துடு, கேட்டியா."

நான் எவ்வளவு கத்தியும் பயனில்லை. ஹாலில் மாட்ட ஸ்டுடியோ ஆல்பத்திலிருந்து ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள். அதில் அத்திம்பேர் விறைப்பாக நிற்கிறார். பக்கத்தில் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். இன்றைக்கும் அந்த வீட்டு ஹாலில் அதுதான் தொங்குகிறது.